மண்டைதீவில் மைதானம் எழும்பும், அணி எழும்புமா?

கேள்வி: ஐயா, 1996-இல் லாகூரில் அரவிந்த டி சில்வா சதம் அடித்ததை வானொலியில் கேட்ட நாளிலிருந்து இலங்கை அணியின் பக்கம் நிற்கிறவன் நான். எங்கள் ஊரில் பாதிப் பேர் இந்தியாவுக்குத்தான் கைதட்டுவார்கள். வாசிகசாலையில் அவர்களோடு வாதாடியே எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. இப்போது வாதாட வாய் எழும்புதில்லை. ஆசியக் கிண்ண இறுதியில் 50, உலகக் கிண்ணத்தில் 55, டேர்பனில் 42, சிம்பாப்வேயிடம் 80. ஒரு மாதம் பெரிய அணியை மடக்குகிறார்கள், அடுத்த மாதம் சின்னப்பிள்ளைகள் போல ஆட்டமிழக்கிறார்கள். இந்த அணிக்கு எதிர்காலம் இருக்கிறதா, இல்லையா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விடயம். மண்டைதீவில் சர்வதேச மைதானம் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அதனால் எங்கள் தீவுப் பெடியளுக்கு ஏதும் கிடைக்குமா? என் பேரனுக்கு 13 வயது. மென்பந்தில் லெக் ஸ்பின் போடுகிறான். வளர்ந்த ஆட்களே திணறுகிறார்கள். அவனைக் கடினப்பந்துக்கு அனுப்பலாமா? இப்படிப்பட்ட ஓர் அணியை நம்பி ஒரு பிள்ளையின் காலத்தைச் செலவழிப்பது சரியா?

— ஒரு வாசகர், வேலணை

பதில்: அன்புள்ள வேலணை வாசகருக்கு,

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு எதிர்காலம் உண்டு. ஆனால் உள்ளூர்க் கிரிக்கெட்டின் அமைப்பு மாறும்வரை நீங்கள் சொல்லும் இந்த ஏற்ற இறக்கமும் தொடரும். மண்டைதீவு மைதானம் தானாக எதையும் தந்துவிடாது; கேட்டு வாங்க வேண்டும். பேரனைக் கடினப்பந்துக்கு அனுப்புங்கள், இந்த வருடமே அனுப்புங்கள். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீங்கள் எழுதிய நான்கு எண்களும் ஒரு ரசிகனின் நெஞ்சில் முள்ளாய்த் தைப்பவை. 2023 செப்டெம்பர் 17-ஆம் திகதி கொழும்பில், நம் மண்ணில், ஆசியக் கிண்ண இறுதியில் 15.2 ஓவரில் 50 ஓட்டங்கள். இந்தியாவின் மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். ஒன்றரை மாதம் கழித்து மும்பையில் இந்தியாவின் 357-ஐத் துரத்தப் போய் 55. தோல்வி 302 ஓட்டங்களால். 2024 நவம்பரில் டேர்பனில் தென்னாபிரிக்காவின் மார்கோ ஜான்சன் 13 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுக்க 42-இல் முடிந்த இன்னிங்ஸ்தான் டெஸ்ட் வரலாற்றில் இலங்கையின் மிகக் குறைந்த ஓட்ட எண்ணிக்கை. 2025 செப்டெம்பரில் ஹராரேயில் 80.

ஆனால் இந்த எண்களுக்கு இடையில் நடந்தவற்றையும் பாருங்கள். 2024 ஓகஸ்டில் இந்தியாவை ஒருநாள் தொடரில் 2-0 என வென்றோம். 27 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தொடர் வெற்றி அது. அடுத்த மாதம் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில், மேகமும் ஸ்விங்கும் இருக்கும் இடத்தில், பத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127 அடித்து ஒரு டெஸ்டை வென்று தந்தார். அதே செப்டெம்பரில் காலியில் நியூசிலாந்தை 88-இல் சுருட்டித் தொடரை 2-0 எனக் கைப்பற்றினோம். கமிந்து மெண்டிஸ் 13 இன்னிங்ஸில் ஆயிரம் டெஸ்ட் ஓட்டங்களைத் தொட்டார். பிரட்மனுக்கும் அத்தனை இன்னிங்ஸ்தான் தேவைப்பட்டது. அந்த வெற்றி கிடைத்து இரண்டு மாதத்தில் வந்ததுதான் டேர்பனின் 42.

2025-இன் தொடக்கம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. காலியில் அவுஸ்திரேலியா நம்மை ஓர் இன்னிங்ஸாலும் 242 ஓட்டங்களாலும் தோற்கடித்தது. டெஸ்ட் தொடர் 0-2. அந்தத் தொடர் முடிந்த கையோடு நடந்த ஒருநாள் தொடரில் அதே அவுஸ்திரேலியாவை நாம் 2-0 என வென்றோம். திறமை இல்லாத அணியால் இப்படி வெல்ல முடியாது. ஆழம் உள்ள அணி இப்படித் தோற்காது. ஆழம் என்று நான் சொல்வது, முதல் பதினொருவருக்குப் பின்னால் நிற்கும் அடுத்த முப்பது பேரை. ஒரு வேகப்பந்து வீச்சாளர் காயப்பட்டால் அவரிடத்தில் நிற்க ஒருவர். ஓர் ஆரம்பத் துடுப்பாட்ட வீரர் ஓட்டம் எடுக்காமல் போனால் அவரை ஓய்வில் விட்டு இறக்க இன்னொருவர். நம்மிடம் முதல் வரிசை நன்றாக இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் வரிசை மெலிந்துவிட்டது.

அது ஏன் மெலிந்தது என்றால், உள்ளூர்ப் போட்டிகளைப் பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் முதல்தரக் கிரிக்கெட் ஆடும் மாநில அணிகள் 6. நியூசிலாந்திலும் 6. இரண்டு கோடியை ஒட்டிய சனத்தொகை கொண்ட நம் நாட்டில் 20-இற்கும் மேற்பட்ட கழகங்கள் முதல்தரக் கிரிக்கெட் ஆடி வந்திருக்கின்றன. நல்ல வீரர்கள் இத்தனை அணிகளுக்குள் சிதறும்போது, ஒரு நல்ல துடுப்பாட்ட வீரர் ஒரு பருவம் முழுக்க நல்ல பந்துவீச்சைச் சந்திக்காமலே ஆயிரம் ஓட்டங்கள் சேர்க்க முடியும். பல பருவங்களில் ஆட்டங்கள் 3 நாள்தான் நடந்தன. மூன்று நாளில் முடிவு வர வேண்டுமென்றால் முதல் நாளே பந்து சுழலும் ஆடுகளம் வேண்டும். அப்படிப்பட்ட ஆடுகளத்தில் வேகப்பந்து வீச்சாளர் நாலு ஓவர் போட்டுவிட்டுக் களத்தடுப்புக்குப் போய்விடுவார். எனவே எழும்பி வரும் வேகப்பந்தை நம் துடுப்பாட்டக்காரர் முதன்முதலில் உண்மையாகச் சந்திக்கும் இடம் டேர்பன் போன்ற ஆடுகளம்தான். 42 ஓட்டம் அந்தக் காலையில் விளைந்ததல்ல. கொழும்பின் கழக மைதானங்களில் பல வருடமாக விளைந்தது.

கழகங்களைக் குறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். எத்தனையோ அறிக்கைகள் அதைத்தான் சொல்லின. ஆனால் கிரிக்கெட் சபைத் தேர்தலில் வாக்குப் பலம் கழகங்களிடம் இருக்கிறது. தனக்கு வாக்களித்தவரின் அந்தஸ்தைக் குறைக்க எந்த நிர்வாகமும் எளிதில் முன்வராது. 2022-இல் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ள, யாழ்ப்பாணம் என ஐந்து அணிகளோடு தேசிய சுப்பர் லீக்கைத் தொடங்கினார்கள். சரியான திசையில் வைத்த அடி அது. அதை உள்ளூர்க் கிரிக்கெட்டின் உச்சியாக, ஆண்டுதோறும் தவறாமல், 4 நாள் ஆட்டங்களாக நடத்தினால் பலன் தெரியும்.

நிர்வாகச் சண்டை அணியை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதை 2023 நவம்பரில் கண்டோம். உலகக் கிண்ணத் தோல்விகளைத் தொடர்ந்து விளையாட்டுத்துறை அமைச்சர் சபையைக் கலைத்து அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பாராளுமன்றம் சபைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 10-ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி 28-ஆம் திகதிதான் அந்த இடைநிறுத்தம் நீங்கியது. அதற்குள் இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. பெரியவர்களின் சண்டையில் இழந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2023 உலகக் கிண்ணத்தில் 9 ஆட்டங்களில் 2-ஐ மட்டுமே வென்றதால் 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்திலும் நமக்கு இடம் கிடைக்கவில்லை.

தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணி மீள முடியுமா என்பதற்கு வேறொரு விளையாட்டிலிருந்து ஒரு சாட்சி சொல்கிறேன். அமெரிக்காவின் பேஸ்போலில் சிக்காகோ கப்ஸ் என்றோர் அணி. 1908-இல் உலகத் தொடரை வென்ற பிறகு 108 ஆண்டுகள் அவர்களுக்கு அந்தக் கிண்ணம் கிடைக்கவில்லை. பேரனும் பூட்டனும் காத்திருந்து கண்மூடிய ரசிகர் கூட்டம் அது. 2011-இன் இறுதியில் தியோ எப்ஸ்டைன் பொறுப்பேற்றார். அடுத்த பருவத்தில் அணி 101 ஆட்டங்களில் தோற்றது. பெரிய பெயர்களை விலைக்கு வாங்கி அந்த வருடத்தை மட்டும் காப்பாற்ற அவர் முயலவில்லை. இளையவர்களைத் தேடி எடுத்து, கீழ்மட்ட அணிகளில் வளர்த்து, பொறுத்திருந்தார். 2016-இல் கிண்ணம் வந்தது. தோல்வியைத் தாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறதா என்பதே கேள்வி. நம்மிடம் பயிற்றுநர்களை மாற்றும் வழக்கம் இருக்கிறது. அணித்தலைவர்களை மாற்றும் வழக்கம் இருக்கிறது. ஐந்து வருடத் திட்டமொன்றை ஐந்து வருடம் நடத்தும் வழக்கம்தான் இல்லை.

1996-இன் உலகக் கிண்ண வெற்றியும் ஒரே நாளில் வந்ததல்ல. 1981-இல் டெஸ்ட் அந்தஸ்து கிடைத்து, பதினைந்து வருடம் தோற்றுக் கற்று, ரணதுங்க தலைமையில் ஏறத்தாழ ஒரே குழுவாக ஆடி வந்தவர்கள் அவர்கள். அந்த அணியில் சனத் ஜயசூரிய மாத்தறையிலிருந்து வந்தவர். முரளிதரன் கண்டியில் வளர்ந்தவர். கொழும்பின் ஒருசில பெரிய பாடசாலைகளுக்கு வெளியே கதவு திறந்த பிறகுதான் இலங்கை உலக அணியாயிற்று. பிற்பாடு வந்த லசித் மாலிங்க காலிக்குப் பக்கத்தில் ரத்கம என்ற கரையோரக் கிராமத்துப் பெடியன். கடற்கரை மணலிலும் தென்னந்தோப்பிலும் மென்பந்து எறிந்துதான் அந்தத் தாழ்ந்த கைவீச்சு உருவானது. காலியில் சம்பக ராமநாயக்க என்ற பயிற்றுநர் கண்டெடுத்து, கையை மாற்றச் சொல்லாமல் வளர்த்தார். மாலிங்கவுக்குத் திறமை கடற்கரையில் கிடைத்தது. பயிற்றுநரும் கழகமும் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் கிடைத்தார்கள். இரண்டாவது இல்லாதிருந்தால் அவருடைய பெயர் ரத்கமவுக்கு வெளியே தெரிந்திருக்காது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. நம் தீவுகளில் திறமை நிறைய இருக்கிறது; பயிற்றுநரும் கழகமும் எட்டும் தூரத்தில் இல்லை. ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் கோயில் திருவிழாவுக்கு அடுத்தபடியாகச் சனம் கூடுவது மென்பந்துச் சுற்றுப்போட்டிக்குத்தான். ஆனால் நெடுந்தீவில் ஒரு பிள்ளை யாழ்ப்பாணத்தில் ஒரு வலைப்பயிற்சிக்குப் போவதென்றால் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து 30 கிலோமீற்றர் அளவு பஸ்ஸில் போக வேண்டும். பயிற்சி தொடங்கும் பின்னேரத்தில் திரும்பும் படகு போய்விடும். இத்தனைக்கும் பிறகு அந்தப் பிள்ளையிடம் திறமை இல்லை என்று எந்தத் தெரிவுக்குழு சொல்ல முடியும்?

2025 செப்டெம்பர் 1-ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் மைதானப் பணியைத் தொடக்கி வைத்தார். 40,000 பேர் அமரக்கூடியதாகத் திட்டமிட்டிருக்கிறார்கள். நான் அதை மனதார வரவேற்கிறேன். யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி லங்கா பிரீமியர் லீக்கின் முதல் ஐந்து பருவங்களில் நான்கை வென்றது: 2020, 2021, 2022, 2024. அந்த ஐந்து பருவங்களிலும் ஓர் ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. நம் பெயரில் வென்ற அணியை நாம் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். மண்டைதீவு மைதானம் எழுந்தால் அந்தக் குறை தீரும்.

ஆனால் 40,000 இருக்கைகள் ஒரு பந்துவீச்சாளரையும் உருவாக்கித் தராது. வருடத்தில் ஒரு சில நாள் சர்வதேச ஆட்டம் நடந்து, மிச்ச நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் மைதானத்தால் தீவுப் பிள்ளைக்குப் பயனில்லை. ஆகவே இப்போதே, சுவர் எழும்புவதற்கு முன்பே, நாம் கேட்க வேண்டியவை இவை. பிரதான ஆடுகளங்களுக்கு அப்பால் பயிற்சி ஆடுகளங்களும் வலைகளும் வேண்டும். வார நாட்களில் அவை தீவகப் பாடசாலைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுப் பிள்ளைகள் வார இறுதியில் தங்கிப் பயிற்சி பெற ஒரு விடுதி வேண்டும். ஆடுகளம் பராமரிக்கும் தொழிலை நம் ஊர் இளைஞருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அத்துடன் அந்த நிலத்தின் கண்டலும் சதுப்பும் பறவைகளும் பற்றிச் சூழலியலாளர் எழுப்பும் கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் வேண்டும். கடலை நம்பி வாழும் ஊரில் கண்டலை அழித்து விளையாட்டை வளர்க்கக் கூடாது.

மண்டைதீவை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். தீவுகளில் புல் ஆடுகளம் அமைப்பது கடினம். அதற்குக் களிமண் வேண்டும், நாள் தவறாத நன்னீர் வேண்டும், உருளை வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும். சுண்ணக்கல் நிலத்தில், குடிநீருக்கே தவிக்கும் ஊரில், அது ஆகாத காரியம். ஆனால் 22 யார் நீளத்துக்குச் சீமெந்துத் தளம் போட்டு, அதன் மேல் தும்புப் பாயை இழுத்துக் கட்டினால் நல்ல கடினப்பந்து ஆடுகளம் ஆகிவிடும். பந்து ஒழுங்காக எழும்பும். மழைக்குப் பழுதாகாது. துணைக்கண்டத்தின் பெரிய வீரர்கள் பலர் பாய் ஆடுகளத்தில் ஆடி வளர்ந்தவர்கள்தான். வேலணை மத்திய கல்லூரி, ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவுப் பாடசாலைகள் என ஐந்து இடத்தில் இப்படி ஐந்து தளம் இருந்து, விடுமுறையில் இவற்றுக்கிடையே ஒரு கடினப்பந்து லீக் நடந்தால், மூன்று வருடத்தில் யாழ்ப்பாணப் பாடசாலைகள் திரும்பிப் பார்க்கும் அணியொன்று தீவகத்திலிருந்து எழும்பும்.

வடக்கிலிருந்து போக முடியும் என்பதற்கு உயிருள்ள சான்று விஜயகாந்த் வியாஸ்காந்த். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். உங்கள் பேரனைப் போலவே லெக் ஸ்பின் பந்துவீச்சாளர். 2020-இல் லங்கா பிரீமியர் லீக்கில் இறங்கி, முதல் விக்கெட்டாக அஞ்சலோ மத்யூஸை வீழ்த்தினார். 2023 ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024-இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். மைதானத்தில் நின்றார். அவருடைய கல்லூரி பரியோவான் கல்லூரியுடன் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ போன்ற ஒரு மேடை அவருக்குப் பின்னால் இருந்தது. தீவகப் பிள்ளைக்கு அப்படியொரு மேடை இல்லை. அதை நாம்தான் கட்டிக் கொடுக்க வேண்டும்.

வாசிகசாலையில் இந்தியாவுக்குக் கைதட்டுகிறவர்களோடு இனிச் சண்டை பிடிக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். தன் ஊர்ப் பெடியன் ஒருவனையும் காணாத அணியோடு ஒரு சனம் ஒட்டாமல் நிற்பதில் வியப்பில்லை. வியாஸ்காந்த் பந்தை வாங்கிய நாட்களில் வடக்கின் வீடுகளில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டவர்களுக்கு, அந்தத் தூரம் எவ்வளவு விரைவாகக் குறையும் என்று தெரியும். தேசிய அணி எல்லா மாகாணப் பிள்ளைகளுக்கும் கதவு திறப்பது அணியின் நன்மைக்காகவும் வேண்டும், நாட்டின் நன்மைக்காகவும் வேண்டும்.

இனி உங்கள் பேரன். பதின்மூன்று வயது மிகச் சரியான வயது. இதற்குமேல் தள்ளிப்போட்டால் மென்பந்துப் பழக்கம் கையில் ஊறிவிடும். மென்பந்துக்குப் பயன்படும் டெனிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவு. பெரியவர்கள் ஆடும் கடினப்பந்து 156 முதல் 163 கிராம் வரை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எனவே முதலில் சிறுவருக்கான சற்று எடை குறைந்த தோல் பந்தோடு தொடங்கட்டும். முதல் சில மாதம் நாளுக்கு ஐந்தாறு ஓவருக்கு மேல் போட விட வேண்டாம். தோள் வளர்கிற வயது. மென்பந்தில் லெக் ஸ்பின் போடும் பிள்ளைகள் அடி வாங்காமலிருக்கப் பந்தைத் தட்டையாகவும் வேகமாகவும் எறியப் பழகிவிடுவார்கள். கடினப்பந்தில் அந்தப் பயத்தை விட வேண்டும். தையலின் குறுக்கே விரல்களை வைத்து, மணிக்கட்டைத் திருப்பி, துடுப்பாட்டக்காரரின் கண் மட்டத்துக்கு மேலாகப் பந்தை மிதக்க விடட்டும். சிக்ஸர் போனால் போகட்டும். சுழற்சி முதலில் வர வேண்டும், துல்லியம் பிறகு வரும். இந்த வரிசையை மாற்றிச் சொல்லித்தரும் பயிற்றுநரிடம் விடாதீர்கள். துடுப்பெடுத்தாடும்போது தலைக்கவசம் இல்லாமல் ஒரு பந்தைக்கூடச் சந்திக்க விட வேண்டாம்.

அவனுடைய பாடசாலையில் கடினப்பந்து அணி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அகில இலங்கைப் பாடசாலைகளின் 15 வயதுப் பிரிவுப் போட்டிகளுக்கு வழி உண்டு. இல்லையென்றால் இன்னும் ஐந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு அதிபரிடம் போங்கள். நாடு முழுவதிலுமிருந்து தேசிய அணிக்குப் போகிறவர்கள் மிக மிகச் சிலர். உங்கள் பேரன் அவர்களில் ஒருவனாவான் என்று நானோ வேறெவரோ வாக்குத் தர முடியாது. படிப்பை விடாமல் விளையாடட்டும். தோற்று அழுது, அடுத்த சனிக்கிழமை திரும்பப் பந்தை எடுக்கப் பழகிய பிள்ளையின் காலம் ஒருபோதும் வீணாவதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தீவகத்து உறவுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்க் கழகங்களுக்கு நீங்கள் அனுப்பும் பணம் பெரிய உதவி. அதில் ஒரு பங்கை வெற்றிக் கேடயங்களிலிருந்து எடுத்து ஒரு பாய்க்கும், ஒரு பயிற்றுநரின் சம்பளத்துக்கும், நெடுந்தீவுப் பிள்ளைகளின் படகுக் கூலிக்கும் ஒதுக்குங்கள்.

ஐயா, அணியின் எதிர்காலத்தை இனி ஓட்டப் பலகையில் தேடாதீர்கள். நாலு விடயத்தைக் கவனியுங்கள்: முதல்தரக் கழகங்கள் குறைகின்றனவா, வேகப்பந்துக்கு உதவும் ஆடுகளங்கள் கூடுகின்றனவா, இலங்கை ‘ஏ’ அணி வெளிநாடு போகிறதா, மண்டைதீவின் கதவு பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறக்கிறதா. நாலில் இரண்டு நடந்தாலும் நம் அணி மேலே வரும். அதுவரை வெற்றி வந்தாலும் அது ஒரு தொடரோடு முடிந்துபோகும். நீங்கள் வேலணையிலிருந்து செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: வருகிற திங்கட்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு பாடசாலை அதிபரிடம் போய், ஒரு சீமெந்துத் தளமும் ஒரு தும்புப் பாயும் கேளுங்கள்.